நீலச் சட்டையின் உட்புறம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வளவு றஜனி ஒருநாள் என் சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பி, உள்தையலைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுச் சொன்னாள்: "நீ எழுதுறதானேகா. முகாமில எனக்குக் கிடைச்ச அந்த நீலச் சட்டையைத் தைச்ச மனிசிக்கு ஒரு நன்றி எழுதன்."

அந்த மனிசி யார், எந்த நாடு, உயிரோடு இருக்கிறாளா, ஒன்றும் றஜனிக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

2

றஜனிக்குச் செங்கலடிக் கூட்டுறவுக் கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் பழைய தையல். காத்தான்குடி ஹமீட் நானாவின் பழைய இரும்புக் கடையில் கிடந்த கைமெசினை வாங்கி வந்து, மண்ணெண்ணெய் விட்டுத் துரு கழற்றி ஓட வைத்திருக்கிறாள். மற்றவர்கள் பாட்டுக் கேட்பதுபோல அவள் அதன் சத்தத்தைக் கேட்பாள். தேவாலயப் பூசையில் பிரசங்கம் என்னவென்று கேட்டால் முழிப்பாள். முன்வரிசை வாங்கில் இருந்தவளின் கழுத்துப்பட்டி எப்படி வெட்டியது என்று கேளுங்கள், வீடு வரை சொல்லிக்கொண்டு வருவாள்.

(இந்தப் பந்தியை நீட்ட எனக்கு ஆசை. ஆனால் கதை எங்கே என்று கேட்பீர்கள்.)

3

தொடக்கங்கள்:

அன்று காலை கடல் பின்வாங்கியபோது—

2004 மார்கழியில் கல்லடிக் கரையில் ஒரு வீடு—

இரண்டையும் றஜனி வாசித்தாள். "கடலை எழுதாத. அது எல்லாருக்கும் தெரியும்."

சரி, எழுதவில்லை. அவளுடைய கணவன் அலனும் வீடும் கடலோடு போன பிறகு, பாடசாலை முகாமில் தொடங்குகிறேன். வெளிநாட்டு உடுப்பு மூட்டைகள் வந்திறங்கின. மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளிக் கோட்டுகள்! அவற்றுக்கு நடுவே றஜனியின் கையில் ஒரு நீலப் பருத்திச் சட்டை அகப்பட்டது. வளர்ந்த பெண்ணுக்கானது, பழையது. வழக்கம்போல உடனே உட்புறத்தைத் திருப்பினாள். பொத்தான் துளை ஒவ்வொன்றுக்கும் அதே துணியில் மெல்லிய கரை வைத்து, நூல் வெளியே தெரியாமல் கையால் தைத்திருந்தது. பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் துணி. உடுப்பவள் உடம்பு வைத்தால் இளக்கிக்கொள்ள.

அவளுடைய கண்ணீர் அந்தத் துணியில்—

"அழல்ல," என்றாள் றஜனி. "சிரிச்சன். அப்பிடியே எழுது."

நான் நம்பவில்லை. கணவனைப் பறிகொடுத்தவள் ஒரு பொத்தான் துளையைப் பார்த்துச் சிரிப்பாளா? வாசகர்கள் என்னைப் பிடித்து உலுக்க மாட்டார்களா? இப்போது நம்புகிறேன். நம்ப வைத்தது அவளல்ல, அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கண்டு பொறுக்காத இன்னொருத்தி. அலனின் அக்கா மெற்றில்டா. பக்கத்துப் பாயில் இருந்த அவள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "என்ட தம்பிட குழி இன்னும் காயல்ல. இவளுக்குச் சட்டையும் சிரிப்பும்."

அதற்குப் பிறகு, முகாமைவிட்டு வீடு கிடைத்த பின்னும், றஜனி கதவைச் சாத்திக்கொண்டுதான் தைத்தாள். நீலச் சட்டை பெட்டிக்கு அடியில் போனது. ஆனால் சண்டை மூண்ட அந்த வருசங்களில், மனம் விழுந்துபோகும்போதெல்லாம் எடுத்து உட்புறத்தைப் பார்ப்பாளாம். எங்கேயோ ஒருத்தி கண்காணாத உடம்புக்காக இரண்டு விரல் துணி விட்டிருக்கிறாளே என்று ஆறுதல். நன்றி சொல்லக் கேட்டது அதற்குத்தான்.

4

2009. யுத்தம் முடிந்து சில மாதம். மெற்றில்டா ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்து வாசலிலேயே நின்றாள். வன்னியில் இருந்த அவளுடைய மூத்த மகனைப் பற்றி வைகாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இளையவள் ஷெறினுக்குத் தேவாலயத்தில் உறுதிபூசுதல் சடங்கு வருகிறது.

"அந்த நீலச் சட்டை மாதிரி ஒண்டு தைச்சுத் தருவியா?" என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "மகன்ட சேதி ஒண்டுமில்ல. அதுக்குள்ள புதுச்சட்டை கேக்குறன். என்ன நினைப்பியோ தெரியா."

றஜனி கேட்டாள்: "அளவு கொண்டுவந்தயா மச்சாள்?"

அவ்வளவுதான் கேட்டாள்.

ஆனால் அதேபோலத் தைக்க வேண்டுமென்றால் நீலச் சட்டையைப் பிரித்து, துண்டு துண்டாகக் காகிதத்தில் அளவெடுக்க வேண்டும். அவ்வளவு பழைய துணி, பிரித்தால் திரும்பச் சேருமா? அவளுக்கே தெரியாது.

5

நான் எழுதிய முடிவுகள்:

(அ) மெற்றில்டா றஜனியின் கையைப் பிடித்து, "அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது" என்கிறாள். இருவரும் அழுகிறார்கள்.

றஜனி: "அவ சொல்லல்ல. நானும் கேக்கல்ல."

(ஆ) சட்டை தொலைந்துவிட்டது என்று றஜனி பொய் சொல்கிறாள்.

றஜனி: "இது நீகா. நானில்ல."

உள்ளதுதான்.

நடந்தது இது. வாசல் வெளிச்சத்தில் பாய் போட்டு இருவரும் இருந்தார்கள். மெற்றில்டா தையலின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க, றஜனி பிளேட்டால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தாள். பக்கத் தையல் திறந்தபோது, வெயில் படாத அந்த இரண்டு விரல் துணி புது நீலமாக இருந்தது. மெற்றில்டா பொத்தான் துளையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"பிறகு?" என்றேன்.

"அவட முகம் மாறிச்சு. நான் உடனே திரும்பிற்றன். மெசினுக்கு எண்ணெய் விடுற மாதிரி."

"பார்க்கவே இல்லையா?"

"முகாமில நான் சிரிச்சதை அவ பாத்தாவே. அது ஒண்டே காணும்."

ஆகவே வாசகரே, முடிவை நான் எழுதப்போவதில்லை. மகனின் சேதி இன்னும் வரவில்லை, மெற்றில்டா சிரிக்கப் போகிறாள். தயவுசெய்து நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.