கருவாட்டு நாள்

மூக்கு விஷயத்தில் ஆங்கிலேயன் மகா கஞ்சன். நம்மிடம் மணம் இருக்கிறது, வாசனை இருக்கிறது, வாடை, கவிச்சி, வீச்சம் என்று இறங்கி இறங்கி நாற்றம் வரைக்கும் போகலாம். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ‘ஸ்மெல்’ ஒன்றே போதும். மல்லிகைக்கும் அதுதான், சாக்கடைக்கும் அதுதான். ஆனால் சிங்கப்பூரில் ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்று அந்தச் சொல்லைச் சொன்னால் அது மல்லிகையைப் பற்றியது அல்ல. தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒன்பதாவது மாடியில் முப்பது வருடமாகச் சமைக்கும் ரபியாவுக்கு இது நன்றாகவே தெரியும்.

பக்கத்து வீட்டு மேடம் லியூ, மகளோடு இருப்பதற்காகச் சீனாவிலிருந்து வந்தவர். வயது எழுபதுக்கு மேல். மகள் மெய்க்குச் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை, பகலெல்லாம் வீட்டில் இருக்கமாட்டாள். கிழவிக்கு மலாய் தெரியாது. ஆங்கிலத்தில் ஓகே, தேங்க்யூ, ஸ்மெல் மூன்றும் வரும். மூன்றாவதைக் கற்றுக்கொடுத்ததே ரபியாவின் கருவாடுதான் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

வந்த புதிதில் சண்டை. காயப்போட்ட துணியெல்லாம் கருவாடு மணக்கிறதாம். மெய் நடுவில் புகுந்து ஓர் ஏற்பாடு செய்தாள். கருவாடு பொரிப்பதற்கு முன் ரபியா அவர்கள் வாசல் கம்பிக் கேட்டைத் தட்டி, ‘ஃபிஷ்’ என்று சொல்ல வேண்டும். கிழவி துணிகளை உள்ளே எடுத்துக்கொண்டு எல்லா ஜன்னல்களையும் மூடிவிடுவாள். பொரித்து முடித்ததும் ரபியா மறுபடி தட்டுவாள், ஜன்னல்கள் திறக்கும். ஒரு வருடமாகப் பிசகில்லை. “ரெண்டு நாட்டுக்கு நடுவுல கூட இவ்ளோ ஒழுங்கா ஒப்பந்தம் நடக்காது லா” என்று ரபியாவின் கணவர் அப்துல் கையூம் கிண்டல் செய்வார்.

அந்த ஒப்பந்தத்தைக் கிழவி வெள்ளிக்கிழமை மீறிவிட்டாள். அப்படித்தான் ரபியா நினைத்தாள். அன்று அவளுக்குக் கடுமையான ஜலதோஷம். கஞ்சியைத் தவிர எதுவும் வைக்கவில்லை. மத்தியானம் கிழவி வந்து கேட்டுக்கு வெளியே நின்று, மூக்கைப் பொத்திக் காட்டி, “ஸ்மெல், ஸ்மெல்” என்றாள். தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

ரபியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. கருவாட்டைத் தொடாத நாளிலும் புகாரா? கிழவியின் பின்னாலேயே அவள் வீட்டுக்குள் போனாள். சமையலறை நடுவில் நின்று, அடைத்துக்கிடந்த மூக்கை நாலு தரம் உறிஞ்சிக் காட்டினாள்.

“நோ ஸ்மெல்! நத்திங்! ஓகே?”

கிழவி தயங்கினாள். ரபியா கையை விரித்து இன்னும் உரக்கச் சொன்னாள். கிழவி மெல்லத் தலையாட்டி, “ஓகே... தேங்க்யூ” என்றாள். அந்த நன்றிகூட ரபியாவுக்குக் குத்தலாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜலதோஷம் விட்டிருந்தது, கோபம் விடவில்லை. வேண்டுமென்றே சுறாக் கருவாடு எடுத்தாள். வீம்பு ஒரு பக்கம் இருந்தாலும் முறை முறைதான். போய்க் கேட்டைத் தட்டி, “ஃபிஷ்!” என்றாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடும் சத்தம் கேட்டது.

பொரித்து முடித்துவிட்டுப் போய் மறுபடி தட்டினாள். பதில் இல்லை. உள்ளே சீன நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தட்டினாள்.

“திமிரப் பாருங்க. உள்ள உக்காந்து டிவி பாக்குது, திறக்க மாட்டேங்குது” என்று திரும்பி வந்து கணவருக்குச் சோறு போட்டாள்.

“தூங்கியிருப்பாங்க, விடு.”

“இந்த வெயில்ல ஜன்னல மூடிட்டா?”

கேட்டது அவள்தான். கேட்டபிறகு சோறு இறங்கவில்லை. பொரித்து முடித்ததும் முதல் தட்டுக்கே ஜன்னலைத் திறந்துவிடுகிற கிழவி. ரபியா கையைக் கழுவாமலே எழுந்து போனாள்.

கேட்டின் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். முதலில் தன் கையின் கருவாடுதான் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி மோந்தாள். கதவிடுக்கிலிருந்து வேறொன்று வந்தது. அழுகிய முட்டை போல.

“ஏங்க, ஓடி வாங்க! கேஸு!”

அப்துல் கையூம் ஓடிவந்தார். வந்த வேகத்தில் அழைப்பு மணிக்குக் கையைக் கொண்டுபோனார். ரபியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“பெல்ல தொடாதீங்க! ஒரு பொறி போதும். லிஃப்ட் பக்கம் போயி நைன் நைன் ஃபைவுக்கு போன் பண்ணி ஃபயர்காரங்கள கூப்பிடுங்க. இங்க நின்னு பண்ணாதீங்க!”

அவர் ஓடினார். கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. ரபியா தன் வீட்டுக்குள் போய் மிளகு இடிக்கும் குழவிக்கல்லை எடுத்துவந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தாழ்வாரத்தைப் பார்த்திருந்த சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் அது உடைந்தது. உள்ளிருந்து வந்த நெடி அவளைப் பின்னால் தள்ளியது.

கம்பிகளுக்கு அப்பால் கிழவி தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். அடுப்பு எரியவில்லை. ஜன்னலிலிருந்து மூன்றடி தூரம்தான் இருக்கும், கையை விட்டால் எட்டவில்லை. தோள் வரைக்கும் நுழைத்தாள். கண்ணாடி கீறியது.

“மேடம்! மேடம் லியூ! எந்திரிங்க!”

தமிழில்தான் கத்தினாள். யா அல்லாஹ், நான் சொல்லித்தானே மூடினா, நான் தட்டித்தானே மூடினா என்று மனசு அடித்துக்கொண்டது. வெறுத்த ஒருத்திக்காக இவ்வளவு பயப்பட முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கிழவியின் முதுகு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அசைவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

தீயணைப்பு வீரர்கள் வந்து பூட்டை வெட்டினார்கள். கிழவியைத் தூக்கிவந்து முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்தார்கள். உயிர் இருந்தது. அவர்களில் ஒருவன் தமிழ்ப் பையன், நிதீஷ் என்று சட்டையில் போட்டிருந்தது.

“அடுப்பு டியூப் கொஞ்ச நாளா வெடிச்சிருக்கு, ஆண்ட்டி. இவ்ளோ நாள் விண்டோ திறந்திருந்துச்சு, வெளிய போயிருச்சு. இன்னிக்கு எல்லாத்தயும் மூடிட்டாங்க. ஏன்னு தெரியுமா?”

“என் கருவாட்டுக்காக” என்றாள் ரபியா. அவனுக்குப் புரியவில்லை.

மறுநாள் கணவரோடு மருத்துவமனைக்குப் போனாள். கிழவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரபியாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, கட்டுப்போட்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டு சீனத்தில் ஏதேதோ சொன்னாள். மெய் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ரபியாவுக்குப் புரிந்தது.

“அம்மா உங்களுக்கு நன்றி சொல்றாங்க, ஆண்ட்டி. ரெண்டு தரம் உதவி செஞ்சீங்களாம்.”

“ரெண்டு தரமா?”

“வெள்ளிக்கிழமையே அம்மாவுக்கு கேஸ் சந்தேகம். எனக்கு போன் பண்ணாங்க. நான் லீவு சொல்லிட்டு வர்றேன், கேஸ்காரங்கள கூப்பிடுறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரத்துல அவங்களே திரும்பக் கூப்பிட்டு வேணாம்னுட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க உள்ள வந்து நல்லா மோந்து பாத்துட்டாங்க, ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்க, தன் மூக்குக்குத்தான் வயசாயிருச்சுன்னு சொன்னாங்க.”

கிழவி சிரித்தபடி ரபியாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“அன்னிக்கு எனக்கு மூக்கே அடச்சிருந்துச்சு” என்றாள் ரபியா தமிழில். அப்துல் கையூம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன ஆண்ட்டி?” என்று மெய் கேட்டாள்.

ரபியா ஆங்கிலத்தில் மறுபடி ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை, அழுகைதான் வந்தது. எதற்கென்று தெரியாமல் கிழவி அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டாள்.