வெயில் நேரத்துத் தண்ணீர்

பத்து மணி ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போதே அட்டவணைக்காரிக்குக் கை பரபரத்தது. நீரேற்று நிலையத்தின் நீண்ட கூடத்தில் ஐந்து மோட்டார்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பத்தொன்பது வருடமாக அவற்றைச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுப்புவது வழக்கம். ஆபரேட்டர் சுவிட்ச் பலகையின் முன்னால் நின்றுகொண்டு, நிஜமாகவே போடலாமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். பகலில் மோட்டார் ஓட்டுவது அந்த மனிதருக்கு ஊர் பார்க்கத் திருடப் போவது மாதிரி இருந்தது. போடச் சொன்னாள். முதல் மோட்டார் முனகி, இருமி, பிறகு குரலெடுத்தது. ஐந்தாவதை வழக்கம்போல் உபரியாக விட்டுவிட்டு, பத்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மற்ற நான்கும் ஓட ஆரம்பித்ததும், பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாத அந்த இரைச்சலில் அவள் யாருக்கும் கேட்காமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்தப் பகுதிக்கு எப்போது வால்வு திறக்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. அட்டவணைக்காரி என்ற பட்டம் அப்படி வந்தது. பட்டம் கொடுத்தவர்களே மேட்டுப் பகுதிக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருவதற்கும் அவளைத்தான் திட்டினார்கள். அவள் என்ன செய்வாள்? கோடை இப்போதெல்லாம் இரண்டு மாதம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆறு மணியானால் ஊரில் உள்ள ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அதே ஆறு மணிக்கு அவளுடைய மோட்டார்களும் ஓடும். மின்சாரம் தாங்காது. எட்டு மணிக்குள் கட் ஆகும். குன்றின் மேலிருக்கும் தொட்டி பாதிகூட நிறையாமல் நிற்கும்.

இதற்கு வழி அவளுக்குக் கிடைத்தது மொட்டை மாடியில். மேல் வீட்டில் குடியிருந்த நாத்தனார் மின்சார அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவள். இருவரும் ஒரே கட்டடம், ஒரே சாப்பாட்டு மேசை. ஆனால் அலுவலகப் பேச்சு மட்டும் கூடாது. போன வருடம் ஒரு நீண்ட மின்வெட்டுக்கு யார் காரணம் என்று இருவரும் மேசையில் போட்ட சண்டையில் மாமியார் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனதோடு அந்தத் தடை வந்தது. அதை மீறி, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் தன்பாட்டுக்கு ஒரு வரி சொன்னாள். மதியத்தில் சோலார் கரண்ட் மிஞ்சுகிறது, வாங்க ஆளில்லாமல் பாதியை நிறுத்தி வைக்கிறோம் என்று. அட்டவணைக்காரி கையிலிருந்த துண்டை அப்படியே மடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே மதியம் மிஞ்சுகிறது, இங்கே ராத்திரி முட்டுகிறது. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு.

அன்றிலிருந்து நாலு மாதம் அவள் பெரிய இன்ஜினியரின் அறை வாசலைத் தேய்த்தாள். பத்திலிருந்து நாலு மணிக்குள் வெயில் கரண்டில் தொட்டியை நிரப்பிவிடலாம், அப்புறம் தண்ணீர் தானாக இறங்கும், சாயங்காலம் ஒரு மோட்டார்கூட வேண்டாம் என்றாள். எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பது அவர் வழக்கம். மின்சார அலுவலகத்துக்காரர்கள் வேண்டுமென்றே நம் கழுத்தை நெரிக்கிறார்கள் என்பது அவர் தீர்மானம். கடைசியில் இவள் தொல்லை தாங்காமல் ஒரே ஒரு நாள் கொடுத்தார். நாலு மணிக்குத் தொட்டியில் ஐந்து மீட்டர் இருக்க வேண்டும். இருந்தால் கோடை முழுக்க இவள் அட்டவணை. இல்லையென்றால் பழையபடி ஆறு மணி, இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

பன்னிரண்டரைக்குக் குன்றிலிருந்து காவலாளி போனில் அளவு சொன்னார். இரண்டு மீட்டர் எழுபது. கணக்குப் பிசகவில்லை. அவளுக்குப் பசிக்கவே இல்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து, தலைக்கு மேல் கொளுத்துகிற வெயிலை வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசையோடு பார்த்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு நாலு மோட்டாரும் ஒன்றாக நின்றன.

இரைச்சல் போனதும் கூடம் பெரிதாகத் தெரிந்தது. ஆபரேட்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் பலகையையே பார்த்தார். அவள் வீட்டுச் சட்டத்தையும் மாமியாரையும் மறந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, இந்த நேரத்துல?"

"எங்க லைன்ல கரண்ட் போயிடுச்சு. என்ன பண்றீங்க அங்க?"

நாத்தனார் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "நான்தான் நிறுத்தினேன். உங்க லைன்ல ரொம்ப நாளா ஒரு வேலை பாக்கி இருந்துது. மதியம் உங்க மோட்டார் தூங்குமேன்னு ஆளுங்கள ஏத்தி விட்டேன். சாயங்காலம் நீங்க நிம்மதியா ஓட்டலாம்."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இன்றைக்குப் பகலில் ஓட்டப் போகிறோம் என்று பத்து நாளைக்கு முன்னாலேயே கடிதம் போயிருந்தது. அது தெருவைக் கடந்து, நாத்தனார் அலுவலகத்தின் தபால் தட்டில் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது. தினமும் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சட்டம் என்றால் சட்டம் என்று இருவருமே இருந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் தபால் தட்டைக் கிளறுகிற சத்தம் போனில் கேட்டது.

"மூணு பேர் கம்பத்து மேல இருக்காங்க அண்ணி. அவங்க இறங்காம என்னால விட முடியாது."

"இறங்கட்டும். அவசரப்படுத்தாத. இறங்கினதும் எவ்வளவு தர முடியும், அத மட்டும் சொல்லு."

அவர்கள் இறங்கி, கருவிகளைச் சுருட்டி, ஆள் எண்ணிச் சரிபார்த்து முடிக்கும்போது மணி ஒன்றரை ஆகிவிட்டது. ஐம்பது நிமிடம் போயிற்று. நாலு மோட்டாரை வைத்துக்கொண்டு இனி எட்டாது. அவள் கேட்பதற்கு முன்னாலேயே நாத்தனார், ஐந்தாவதையும் போடுங்கள், வெயில் வீணாகத்தான் கிடக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஐந்தும் ஒருசேர ஓடி ஆபரேட்டர் பார்த்ததே இல்லை. தரை அதிர்ந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று, அதிர்வை ரசித்துக்கொண்டே, "ஓடுது மேடம், ஓடுது" என்று யாரோ இல்லை என்று சொன்ன மாதிரி சொன்னார்.

அதற்குப் பிறகு போனை இருவருமே வைக்கவில்லை. அவள் அதைக் கழுத்துக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கமே நின்றாள். இரண்டே முக்காலுக்கு நாத்தனார், மேற்கே மேகம் கிளம்பியிருக்கிறது, ஆறு நிமிடத்தில் சோலார் படுக்கும், இப்போதே இரண்டை நிறுத்துங்கள் என்றாள். ஆபரேட்டர் இரண்டை நிறுத்தினார். சொல்லி வைத்த மாதிரி வாசலில் வெயில் மங்கியது. மூன்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டு ஓடின. கால் மணி நேரத்தில், "மேகம் போகுது, போகுது, நாலாவத ரெடி பண்ணுங்க" என்றது போன். முற்றத்தில் நிழல் ஓடி மறைவதும் மோட்டார் உறுமுவதும் ஒன்றாக நடந்தது. இத்தனை வருடம் மேசையில் வாதாடிய குரல் இப்போது காதுக்குள் இருந்துகொண்டு வானத்தைப் படித்துச் சொல்கிறது. அட்டவணைக்காரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைவிடச் சந்தோஷமான ஒரு மதியம் தனக்கு நினைவில் இல்லை என்று தோன்றியது.

மூன்றே முக்காலுக்குப் பெரிய இன்ஜினியர் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சரியாக நாலு மணிக்குக் காவலாளியைத் தானே போனில் கூப்பிட்டு அளவு கேட்டார்.

"நாலு எண்பத்தெட்டு" என்று ஆபரேட்டரைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து ஐந்து மீட்டரைத் தாண்டியது. காவலாளி அந்தச் செய்தியைக் கிட்டத்தட்ட கத்தினார். ஆனால் சொன்ன நேரம் நாலு மணி. அவள் கம்பம், தபால் தட்டு, மேகம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டார். நாளைக்கு எப்படி ஓட்டுவது என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். ஏனோ அவரும் கிளம்பிப் போகவில்லை.

ஆறு மணிக்குக் கூடத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும். குன்றிலிருந்து தண்ணீர் மேட்டுப் பகுதிக்குத் தன் எடையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவிட்ச் பலகையைத் துடைத்தார். அப்போது நாத்தனார் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அண்ணி, சீக்கிரம் பாருங்க. உங்க சாரையும் கூப்பிடுங்க."

போனைத் தன் முன்னாலிருந்த பெரிய திரைக்கு நேராகத் திருப்பினாள். ஊர் முழுவதும் இழுக்கிற மின்சாரம் அதில் இரண்டு கோடுகளாக இருந்தது. வெள்ளைக் கோடு நேற்றையது, பச்சை இன்றையது. மதியம் பச்சை மேலே இருந்தது; மோட்டார்களை நிறுத்தியதிலிருந்து ஐந்தே முக்கால் வரைக்கும் இரண்டும் ஒன்றாகவே ஏறின. ஆறு மணியில் வெள்ளைக் கோடு மட்டும் சுவர் மாதிரி செங்குத்தாக எகிறி, எட்டு மணி வாக்கில் கீழே விழுந்திருந்தது. அந்த இடத்தில்தான் தினமும் மின்சாரம் கட் ஆகும்.

பெரிய இன்ஜினியர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்த ஆறு மணி ஏத்தம்..." என்றவர் நிறுத்தி, போனுக்குள் இருந்தவளிடம் கேட்டார். "இது நாங்கதானாம்மா?"

"ஆமா சார்" என்றாள் நாத்தனார். "நீங்கதான்."

அவர் நிமிரவில்லை. ஆறு மூன்று. ஆறு நான்கு. வெள்ளைச் சுவரின் அடியில் பச்சைக் கோடு எதிலும் முட்டாமல் நிதானமாக வெளியே வந்து, துளித் துளியாக வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் ஆள்காட்டி விரலைப் போன் திரைமேல் வைத்து, பச்சைக் கோட்டின் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போனார்.