கத்தரிப் பாத்திக்குப் போன மூன்று பேர்

காவலாளி கேற்றைத் திறப்பதற்கு முன்னமே கீர்த்திகா பள்ளிக்கூடத்து வாசலில் சைக்கிளோடு நின்றாள். உள்ளே விட்டதும் நாலாம் வகுப்பறைக்குப் போய்ப் படங்களை ஒட்டத் தொடங்கினாள். சுவர் பொருக்காக உதிர்ந்தது. ஒட்டுநாடா பிடிக்கவில்லை. மாமரத்தை நாலு தரம் ஒட்டினாள், நாலு தரமும் கிளியோடு சேர்ந்து கீழே விழுந்தது. கடைசியில் கோதுமை மாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்து பூசித்தான் நிறுத்தினாள்.

கல்வியியல் கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்கென்று, அச்சுவேலிச் சந்தையைத் தாண்டித் தோட்ட வெளிக்குள் இருந்த இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். விரிவுரையாளர் பிரகலாதன் வந்து, பின்வரிசை வாங்கில் இருந்து அவள் படிப்பிப்பதைப் பார்த்துப் புள்ளி போடுவார். முதல் தரம் வந்தபோது போடவில்லை. இன்றைக்கு இரண்டாம் தரம். மூன்றாம் தரம் என்று ஒன்று கிடையாது. இதிலும் தவறினால் வருடம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும்.

முதல் தரமும் பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் எழும்பிய பிரகலாதன், போயும் போயும் யதுசா என்ற பிள்ளையைத்தான் வாசிக்கச் சொன்னார். அவள் எழும்பி நின்று சட்டை நுனியைக் கசக்கினாள். வாயே திறக்கவில்லை. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. நீர் கிளிப்படம் காட்டிக்கொண்டு நிக்கிறீர்" என்றார் பிரகலாதன்.

நாலு வருடமாக யாரும் சொல்லிக்கொடுக்காத எழுத்துக்கு, நேற்று வந்த கீர்த்திகா பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. யாரோ தின்ற பலாப்பழத்துக்கு இவள் கையில் பிசின்.

வீட்டில் அவள் அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அக்கா ரீச்சராக வரட்டும் என்றுதான் தம்பி ஜெயரூபன் படிப்பை விட்டுச் சீமெந்துக் கல் அரியும் வேலைக்குப் போனான். சீமெந்து அரித்து அவனுடைய விரல் நுனிகள் வெடித்துப் போயிருந்தன. குழம்பு பட்டால் எரியும் என்று கரண்டியால் சோறு தின்பான். கேட்டால், "துரைமார் உப்பிடித்தானக்கா சாப்பிடுறவை" என்று சிரிப்பான்.

பிரகலாதன் வந்துபோன அன்றிலிருந்து இடைவேளைகளில் யதுசாவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், மணலில் ஈர்க்கால் எழுத்தெழுதிக் காட்டினாள். முதலில் பயந்து பயந்து இருந்த பிள்ளை, பிறகு மணி அடித்தாலும் எழும்பாமல் அடம்பிடித்தது. இடைவேளை முடிந்து வரும் யதுசாவின் கைவிரல் எல்லாம் மண்ணாக இருக்கும். யதுசாவின் தாய் ஒருநாள் வெங்காயத் தோட்டத்திலிருந்து நேராக வந்து, "பள்ளிக்கூடம் எண்டால் ஒளிச்சுத் திரிஞ்சவள். இப்ப விடிய என்னை எழுப்புறாள் ரீச்சர்" என்றாள்.

"மணல் எழுத்து நல்ல வேலைதான், ஆனா இண்டைய அந்தரத்துக்கு உதவாது" என்றாள் வகுப்பாசிரியை தேவமலர், தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தபடி. பிரகலாதன் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. "யதுசாவையும் வாசிக்கத் தெரியாத அந்த ரெண்டு பெடியளையும் கத்தரிப் பாத்திக்குத் தண்ணி ஊத்த விடும். சேர் போனாப்பிறகு கூப்பிடுவம்."

"பாவமெல்லே ரீச்சர்."

"பாவம் பாத்தால் நீர் இன்னொரு வருஷம் கிடந்து படிக்க வேணும். நானும் உப்பிடித்தான் பாஸ் பண்ணினனான். ஊரோடை ஒத்தோடும் பிள்ளை."

தேவமலர் கெட்ட மனுசி அல்ல. சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பாண் கொண்டுவந்து கொடுப்பவள். அதனால்தான் அந்தப் பேச்சை ஒரேயடியாகத் தட்டிவிட முடியாமல் இருந்தது.

யதுசா புது ரிபன் கட்டி, முகமெல்லாம் பவுடராக வந்து நின்றாள். "ரீச்சர், இண்டைக்குச் சேர் கேட்டால் நான் வாசிப்பன். அண்டைக்கு மாதிரி நிக்க மாட்டன்."

"எங்கை, வாசி பாப்பம்."

பிள்ளை புத்தகத்தை விரித்து விரலை வைத்தாள். "மா... ம... மர... மரத்... தில்..." ஒவ்வோர் எழுத்தையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்தாள். ஒன்றும் பிழையில்லை. எல்லாம் சரி. ஆனால் மாமரத்தைத் தாண்டிக் கிளியிடம் வருவதற்குள் கேற்றடியில் பிரகலாதனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றுவிட்டது.

கீர்த்திகா யன்னலால் எட்டிப் பார்த்தாள். ஒரு வரிக்கே இவ்வளவு நேரம். தம்பியின் கரண்டி நினைவுக்கு வந்தது.

"கெட்டிக்காரி. இப்ப ரீச்சருக்கு ஒரு உதவி செய்வியோ? அவங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கத்தரிக்குத் தண்ணி ஊத்து."

"அப்ப சேருக்கு வாசிக்கிறது?"

"அது பிறகு."

"ஓம் ரீச்சர்" என்று யதுசா ஓடினாள். முகத்தைச் சுளிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருக்கலாம் என்று கீர்த்திகாவுக்குப் பட்டது.

அன்றைய பாடம் போன போக்குக்குக் கண்ணூறு கழிக்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் கைகள் உயர்ந்தன. வாசித்தவர்கள் மழைபோலப் பொழிந்தார்கள். இடையிடையே வெளியே குழாயடியில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. பிரகலாதன் வரவு இடாப்பைப் புரட்டினார். பிறகு வகுப்பில் இருந்த தலைகளைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். இடாப்பை மூடி வைத்துவிட்டுப் புள்ளித்தாளை எடுத்தார்.

"நல்ல முன்னேற்றம். மெல்லக் கற்கிற பிள்ளையளையும் கொண்டு வந்திட்டீர். இனிப் பயமில்லை."

"நன்றி சேர்."

மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது, "தோட்டமும் வடிவாயிருக்கு" என்றார் தேவமலரிடம்.

கீர்த்திகா சந்தோசத்தில் அழுதுவிட்டாள். உடனே தம்பிக்குப் போன் எடுத்தாள். கல் அரியும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அவன், "என்ரை அக்கா ரீச்சரடா!" என்று யாருக்கோ கத்திச் சொன்னது கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் யதுசா நின்றாள். பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"சேர் புள்ளி போட்டாரோ ரீச்சர்?"

"ஓம், போட்டார்."

யதுசா போய்த் தன் இடத்தில் இருந்தாள். அடுத்தது ஆங்கிலப் பாடம். வேறு ரீச்சர் வந்துவிட்டார்.

அன்றிரவு நல்ல மழை பெய்தது. கீர்த்திகாவுக்கு நித்திரை வரவில்லை. நாளைக்கு முதல் வேலையாக யதுசாவை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி வாசிக்க வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும் என்று முடிவெடுத்த பிறகுதான் கண் அயர்ந்தாள்.

மறுநாள் வாசிப்புப் பாட நேரத்துக்கு வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தலைப்பை எழுதினாள். பின்னால் வாங்கு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. எழுதி முடித்துத் திரும்பி, "யதுசா, முன்னுக்கு வாங்கோ" என்றாள். யதுசாவின் இடம் வெறுமையாக இருந்தது. அந்த இரண்டு பெடியன்களும் இல்லை. மூன்று புத்தகங்களும் மூடியபடி மேசைமேல் இருந்தன.

"எங்கை போயிட்டினம்?"

முன்வாங்குப் பிள்ளை ஒன்று, இதுகூடவா தெரியாது என்பதுபோல அவளைப் பார்த்தது. "தண்ணி ஊத்த, ரீச்சர். வாசிப்புப் பாடமெல்லே."

கீர்த்திகா வெளியே ஓடினாள். இரவு பெய்த மழையில் பாத்திகள் குளமாகிக் கிடந்தன. கத்தரிக் கன்றுகள் பாதி சாய்ந்துவிட்டன. இரண்டு பெடியன்களும் குழாயடியில் நின்று வாளியை நிறைத்துக் கொடுக்க, யதுசா சேற்றுக்குள் கால் புதைய நடந்து வந்து, கொஞ்சமும் சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.