அவகாசத்தில் வளர்ந்த கம்பிகள்

எவாந்தியா கரதீமு தன் ஆய்வேட்டுக்கு முதல் முறையாக அவகாசம் வாங்கிய அன்று, அவள் வீட்டு மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகள் ஒரு முழம் வளர்ந்தன. வோலோஸ் நகரத்தில் அன்று ஆலிவ் எண்ணெய் விலையும் ஏறியிருந்ததால் தெருவில் பேச்சு அதைப் பற்றித்தான் இருந்தது. கம்பி வளர்ந்ததை முதலில் கண்டவள் மாமியார் பொலிக்செனி. துணி காயப்போட மாடிக்குப் போனவளுக்கு, அந்தக் கம்பிகளில் கட்டியிருந்த கொடிக்கயிறு எட்டவில்லை. "கயித்த யாரு இவ்வளவு ஒசரத்துல கட்டினது? நான் என்ன ஒட்டகமா?" என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்திவிட்டு, ஸ்டூல் எடுத்து வந்து போட்டு ஏறிக் காயப்போட்டாள்.

அந்த ஊரில் மொட்டைமாடிக் கம்பி ஒரு அதிசயமே இல்லை. அங்கே வீடு கட்டுகிற எவரும் வீட்டை முடிப்பதில்லை. அடுத்த மாடிக்கென்று தூண் கம்பிகளை மேலே நீட்டிவிட்டு, மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்கத் தலையில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார்கள். மகனுக்கு ஒரு மாடி, மகளுக்கு ஒரு மாடி என்று குடும்பம் மேல்நோக்கி வளரும். கம்பியை வெட்டினால் இந்த வீட்டில் இனி வர ஆளில்லை என்று ஊருக்குச் சொன்னதாக அர்த்தம். ஜென்மப் பகையாளிகூட அந்தக் காரியத்தைச் செய்யமாட்டான். எவாந்தியாவின் வீட்டில் கீழ்த்தளம் மாமியாருக்கு, முதல் மாடி கொழுந்தன் அப்போஸ்தோலிஸுக்கு, இரண்டாம் மாடி அவளுக்கும் கணவன் ஸ்டெர்யோஸுக்கும். அதற்கு மேலே நின்ற கம்பிகள் அவர்கள் மகள் ஸினோவியாவின் கல்யாணத்துக்குக் காத்திருந்தன. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே காத்திருந்தன.

எவாந்தியா கட்டடக் கலைஞர். கல்லூரியில் படித்தபோது பழைய கல்வீடுகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கிடைத்த வேலையோ, அனுமதியில்லாமல் அடைத்து அறையாக்கிய பால்கனிகளை வரன்முறைப்படுத்திக் கொடுப்பது. ஸ்டெர்யோஸ் வைத்திருந்ததோ அலுமினிய ஜன்னல் பட்டறை. புருஷன் பால்கனியை அடைப்பான், பெண்டாட்டி அதைச் சட்டப்படி ஆக்குவாள் என்று காப்பிக்கடையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பொய் இல்லையே. ஆனால் அவளுக்கு மூச்சு முட்டியது. கீழே மாமியார் மீன் பொரித்தால் மேலே அவள் தலையணை நாறியது. அவள் கணவனிடம் முணுமுணுத்தால் மறுநாள் காலை கொழுந்தன் பதில் சொன்னான். தெசலோனிகி நகரத்தில் கல்வீடுகளைப் புதுப்பிக்கும் அலுவலகம் ஒன்று, முதுகலைப் பட்டத்தோடு வந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஸ்டெர்யோஸும், "நீ முடி, அப்புறம் எல்லாரும் கெளம்பிடலாம்" என்றிருந்தான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் படிப்பில் சேர்ந்தாள்.

அது கட்டடத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே வகுத்த படிப்பு. எந்தப் பாடத்தையும் எந்த வரிசையிலும் எடுக்கலாம், வீட்டிலிருந்தே மாலையில் படிக்கலாம், நடுவில் நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம். கடைசி வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் தெசலோனிகிக்கு நேரில் போக வேண்டும். எவாந்தியா பீன்ஸை வேகவைத்துக்கொண்டே சுண்ணாம்புக் காரையைப் படித்தாள். மகளின் கணக்கைத் திருத்திக்கொண்டே நிலநடுக்கம் தாங்கும் சுவர்களைப் படித்தாள். மூன்று குளிர்காலத்தில் எல்லாப் பாடங்களிலும் தேறினாள். மீதி இருந்தது ஆய்வேடு ஒன்றுதான்.

அப்போது பார்த்து அரசாங்கம், பால்கனிகளை வரன்முறைப்படுத்த இதுதான் கடைசித் தேதி, இனி தள்ளிப்போடவே மாட்டோம் என்று அறிவித்தது. ஊரே அவள் அலுவலக வாசலில் வந்து நின்றது. அவள் படிப்பின் ஒருங்கிணைப்பாளர் அனெஸ்திஸுக்குத் தயங்கித் தயங்கித் தொலைபேசினாள். அவர் தங்கமான மனுஷர். "அட, இதுக்குப் போயி மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? நீங்க வளைய வேண்டாம், படிப்பு வளைஞ்சு குடுக்கும். மெதுவா எழுதுங்க" என்றார். அன்றுதான் கம்பி ஒரு முழம் வளர்ந்தது. அரசாங்கம் வழக்கம்போலத் தேதியைத் தள்ளிப்போட்டது; அதற்குள் அவளுடைய கோடைக்காலம் போய்விட்டது.

பொலிக்செனி அந்த ஸ்டூலிலிருந்து ஒருநாள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். மருமகள் இரண்டாம் முறை அவகாசம் கேட்டாள். கம்பிகள் தெருவிலேயே உயரமான வீட்டையும் தாண்டின. அடுத்து வெள்ளம் வந்து கீழ்த்தளத்தில் சேறு நிறைந்தது. மூன்றாம் முறை கேட்டாள். தம் பாரம் தாங்காமல் கம்பிகள் வளைந்து நாலாப்பக்கமும் கீழே இறங்கத் தொடங்கின. அவள் பால்கனியைத் தாண்டி, கொழுந்தனின் பால்கனியைத் தாண்டி, ஒரு கோடையில் தெருக்கதவின் நிலை வரைக்கும் வந்துவிட்டன. ஒவ்வொரு தடவையும் அனெஸ்திஸ் தங்கமாகவே பேசினார். ஒரு தடவையாவது எரிந்து விழுந்திருக்கலாம்.

குடும்பம் பழகிக்கொண்டது. அப்போஸ்தோலிஸ் கம்பிகளில் திராட்சைக் கொடி ஏற்றினான். ஸ்டெர்யோஸ் மாதிரி ஜன்னல்களை அதில் தொங்கவிட்டு வியாபாரம் பார்த்தான். நகராட்சிப் பொறியாளர் ஒருவர் வந்து சுற்றிச்சுற்றி அளந்து, கூரை இல்லை, சுவர் இல்லை, பரப்பளவும் இல்லை, ஆகவே விதிப்படி இப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தீர்மானித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி என்று எவாந்தியாவுக்கும் தெரியும். அந்த விதியைக் கரைத்துக் குடித்தவள் அவள்தானே.

ஆய்வேட்டை அவள் ஒருவழியாக எழுதி முடித்தாள். தேர்வுக்குப் போகிற காலை, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு தெருக்கதவைத் திறந்தபோது கம்பிகள் கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நின்றன. விரல்தான் நுழைந்தது. பேருந்து போன பிறகு, ரொட்டி வாங்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டு அவள் வந்ததும் விலகி வழிவிட்டன. அலுவலகத்துக்கு விட்டன. மாமியாரின் மருந்துக்கு விட்டன, மீன்சந்தைக்கு விட்டன. அடுத்த தேர்வுநாளில் அவள் காய்கறிக் கூடைக்கடியில் ஆய்வேட்டை ஒளித்துக்கொண்டு, கத்திரிக்காய் வாங்கப் போகிற முகத்தோடு போய் நின்று பார்த்தாள். கம்பி அசையவில்லை. முந்தின நாளே கத்திரிக்காய் வாங்கப் போய் அப்படியே பேருந்து ஏறிவிடலாமே என்றும் பார்த்தாள். மனதில் அந்த எண்ணம் எழுந்த நொடியில் வாசல் அடைத்துக்கொண்டது. அன்று அவள் உள்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று மாடிக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள்.

ஸ்டெர்யோஸுக்கே மனசு கேட்கவில்லை. பட்டறையிலிருந்து கம்பி வெட்டும் இயந்திரத்தை எடுத்து வந்தான். பொலிக்செனி ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றாள்.

"வெட்டுடா. நல்லா வெட்டு. எம் பேத்திக்கு வீடு கெடையாது, எங்க வம்சம் இத்தோட முடிஞ்சுதுன்னு ஊர் பூரா சொல்லிட்டு வெட்டு."

"அம்மா, அவ வெளிய போகணும்மா."

"எங்க போகணும்? நேத்துகூட சந்தைக்குப் போயிட்டுத்தானே வந்தா? நான் என்ன அவளக் கட்டியா போட்டிருக்கேன்?"

அவன் இயந்திரத்தைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோனதை எவாந்தியா பார்த்தாள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

வழி சொன்னவன் கொழுந்தன். காத்திருக்கிற கம்பிக்கு வேண்டியது கான்கிரீட். மேல்மாடித் தூணை எழுப்பித் தளம் போட்டுவிட்டால் கம்பி தன்னால் சுருங்கி உள்ளே போய்விடும், பக்கத்து ஊரில் அப்படித்தான் ஒரு வீட்டில் அடங்கியது என்றான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது, ஸினோவியாவின் படுக்கையறையில் வெயில் எப்போது விழும் என்று பேசத் தொடங்கினார்கள். பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்த ஸினோவியா, தட்டில் இருந்த மிளகாயை முள்கரண்டியால் நகர்த்திக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்காகச் சரி என்று சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது.

"உனக்கு மேல வீடு வேணுமாடி?" என்று எவாந்தியா நேராகக் கேட்டாள்.

"போட்டா நீ வெளிய போயிடலாம்ல?"

"நான் கேட்டது அது இல்ல."

பெண் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "வேண்டாம்மா" என்றாள். குரல் மேசையைத் தாண்டவில்லை.

எவாந்தியா எழுந்து தட்டுகளை எடுத்தாள். தளம் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பொலிக்செனி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த மாதம் வீட்டில் கொஞ்சம் காற்று வந்தது. இலையுதிர் காலத்தில் ஸினோவியா க்ஸாந்தி நகரக் கல்லூரிக்குக் கிளம்பினாள். வகுப்புக்கு வராதவர்களைத் தேர்வெழுத விடாத, வளைந்து கொடுக்கவே தெரியாத பழங்காலக் கல்லூரி அது. கம்பிகள் அவளுக்கும் அவளுடைய இரண்டு பெட்டிகளுக்கும் தாராளமாக வழிவிட்டன. தெரு திரும்பும் வரை எவாந்தியா கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது, வயிறும் எரிந்தது, இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அன்று மாலையே அவள் அனெஸ்திஸைக் கூப்பிட்டாள். "ஐயா, எனக்கு ஒரு உதவி செய்யுங்க. வர்ற தேர்வுக்கு நான் வரலைன்னா என்னை ஃபெயிலாக்கிடுங்க. இனிமே அவகாசம் கெடையாதுன்னு எழுதி அனுப்புங்க. திட்டி எழுதுங்க."

"என்னம்மா இப்படிப் பேசறீங்க?" அவர் பதறிப்போனார். "உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா? அப்படியெல்லாம் விட்டுடுவோமா? உங்களால வர முடியலைன்னா நாங்களே அங்க வந்துடறோம்."

"வராதீங்க ஐயா. தயவுசெஞ்சு யாரும் இங்க வந்துடாதீங்க."

அவர் வந்துவிட்டார். தேர்வாளர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை காலை மூவரும் தெருவில் வந்து இறங்கினார்கள். நேரில் நடக்க வேண்டும் என்றுதானே விதி, எந்த ஊரில் என்று இல்லையே. அப்போஸ்தோலிஸ் நாற்காலி போட்டான், பொலிக்செனி பழப்பாகு கொண்டு வரச் செய்தாள். கம்பிகளுக்கு வெளியே உட்கார்ந்து அவர்கள் கேட்டார்கள், உள்ளே நின்று அவள் பதில் சொன்னாள். அப்படி ஒரு பதிலைத் தாங்கள் கேட்டதே இல்லை என்று தேர்வாளர்கள் சொன்னார்கள். பட்டத்தைச் சுருட்டிக் கம்பி இடைவெளியில் நீட்டினார்கள், தெரு கை தட்டியது. தெசலோனிகி அலுவலகமும் வாக்குத் தவறவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லி, அவளுக்கென்று வைத்திருந்த மேசையை லாரியில் அனுப்பி வைத்தார்கள். கம்பிகள் அன்றோடு வளர்வதை நிறுத்திக்கொண்டன. பின்வாங்கவும் இல்லை.

பட்டம் வாங்கியவர்களையே ஆசிரியர்களாக வைத்துக்கொள்வது அந்தப் படிப்பின் வழக்கம். அனெஸ்திஸ் ஓய்வு பெற்றபின் ஆய்வேடு எழுதுபவர்கள் எவாந்தியாவிடம் வந்தார்கள். முதல் வருடத்திலேயே, ஈவிரக்கம் இல்லாத ராட்சசி என்று அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. மேலிடத்துக்குப் புகார் போனது. அவள் கவலைப்படவில்லை. கணினித் திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் தெரிகிற சுவரைத்தான் முதலில் பார்ப்பாள்.

கார்தித்ஸா ஊரின் மெல்ப்போ அவளிடம் வரும்போதே, வேறொருவரிடம் இரண்டு முறை அவகாசம் வாங்கியிருந்தாள். அவள் குளியலறையின் நீல ஓடுகள் சுவரேறி, கூடத்தைக் கடந்து, வாசற்கதவை மூடி, ஜன்னலில் பாதி வரைக்கும் வந்திருந்தன.

"டீச்சர், புள்ளைக்குக் காய்ச்சல். ஆபீஸ்ல ஆள் இல்ல. மாமனாருக்கு வேற முடியல. ஒரே ஒரு மாசம் குடுங்க டீச்சர், போதும்."

"முடியாது."

"விதியில இருக்கே! எல்லாருக்கும் குடுக்கறாங்களே!"

"இருக்கு. நான் தரமாட்டேன். வெள்ளிக்கிழமை காலைல, தெசலோனிகில, நேர்ல. வரலைன்னா ஃபெயில்."

மெல்ப்போ அழுதாள். பிறகு திட்டினாள், கார்தித்ஸாக்காரர்களுக்குத் திட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. "நீங்களும் ஒரு பொம்பளதானே? வீடு வாசல்னா என்னன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"தெரியும்," என்றாள் எவாந்தியா. "வெள்ளிக்கிழமை." தொடர்பைத் துண்டித்துவிட்டு, மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தெசலோனிகித் தேர்வறை திரையில் தெரிந்தது. இரண்டு தேர்வாளர்கள், தண்ணீர்க் குடுவை, காலி நாற்காலி. நேரம் ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே என்று ஒரு தேர்வாளர் சொல்ல வாயெடுத்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு மெல்ப்போ வந்தாள். காலில் ஒற்றைச் செருப்பு, முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, தலைமுடியில் நீல ஓட்டுச் சில்லுகள். மூச்சு வாங்க, "ஜன்னல ஒடச்சிட்டு வரவேண்டியதாப் போச்சு, அதான் லேட்டு" என்றாள். தேர்வாளர்கள் தலையசைத்து உட்காரச் சொன்னார்கள். அவள் திரையில் இருந்த எவாந்தியாவைக் கோபமாகப் பார்த்தாள். எவாந்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, இருப்பதிலேயே கடினமான கேள்வியை முதலில் கேட்டாள்.