ஐம்பத்தோராவது பீஸ்

அமெரிக்கா லைனை மூடப்போகிறார்கள் என்ற சேதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ நேரத்தில். முதலாளி சுப்பராயன் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து நேராக வந்து, அம்பாசடர் கதவைக்கூடச் சாத்தாமல், கையில் ஒரு பேக்ஸ் தாளோடு ஷெட்டுக்குள் நுழைந்தார். அவர் அப்படி நுழைந்தால் நல்லது எதுவும் கூட வராது என்பது மெர்சிக்கு ஆறு வருஷத்துப் பாடம்.

"கார் அமெரிக்காவுக்குப் போகலியாம். ஆர்டர் கேன்சல். இந்த மாசத்தோட லைனை நிறுத்திடுவோம்," என்றார். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததையும் போட்டார். "அதோட ஐரோப்பா பெட்டிங்கள்ல கண்ட பீஸெல்லாம் கலந்து போயிருக்குது. வியாழக்கிழமை அவங்க இன்ஜினியரே நேர்ல வர்றாரு. யார் பண்ண வேலை இது?"

அமெரிக்கா லைனில் இருந்த பதினொரு பெண்களும் டீ கிளாஸோடு நின்றார்கள். பேக்கிங் பார்க்கிற கிளியம்மாள் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெர்சியைப் பார்த்தாள். செக்கிங் சூப்பர்வைசர் மெர்சி, தரையைப் பார்த்தாள்.

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டினால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு ஷெட். அதுதான் கம்பெனி. தகட்டை வெட்டி, பிரஸ்ஸில் அடித்து, காரின் முன்பம்பரைத் தாங்குகிற பிராக்கெட் செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்புவார்கள். கார் என்னவோ சின்னக் கார்தான். டிக்கி கிடையாது, பின்கதவையே மேலே தூக்கி சாமான் வைக்க வேண்டும். ஆனால் ஓட்டம் பேயோட்டம் என்று கேள்வி. ஷெட்டில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. கம்பெனி அனுப்பிய காலண்டரில் சிவப்பாக ஒன்று நின்றது, அவ்வளவுதான். அந்தக் காலண்டர் போன வருஷமே முடிந்துவிட்டது. ஆனாலும் யாருக்கும் கழற்ற மனசில்லை.

ஒரே காருக்கு இரண்டு விதமான பிராக்கெட். ஐரோப்பாவில் ஓடுகிற காருக்கு மெல்லிசான தகடு, ஒரு மடிப்பு. அமெரிக்காவுக்குப் போகப்போகிற காருக்கு இரண்டு பங்கு கனமான தகடு, இரண்டு மடிப்பு. ஏனென்றால் அமெரிக்காவில் ஒரு சட்டம். கார் நடைவேகத்தில் போய் எதிலாவது முட்டினால் விளக்கு உடையக் கூடாது, பானெட் நசுங்கக் கூடாது. அதைச் சோதிக்க மெஷின் வாங்க சுப்பராயனுக்கு மனசு வரவில்லை. பழைய ஆயில் டிரம்மில் கான்கிரீட் ரொப்பி, சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார். பெண்கள் அதற்கு 'குண்டன்' என்று பேர் வைத்தார்கள். மணிக்கு ஒரு பீஸை எடுத்து மாட்டி, குண்டனைப் பின்னால் இழுத்து விட்டு, முட்டு வாங்கிய பீஸ் எவ்வளவு வளைந்தது என்று அளந்து நோட்டில் எழுதுவது மெர்சியின் வேலை. முதல் கப்பலுக்காக ஆறு மாசமாக அடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கண்ட பீஸ் எப்படிக் கலந்தது என்று மெர்சிக்கு நன்றாகவே தெரியும். ஆகஸ்டில் ஒரு நாள், கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த குழப்பத்தில், ஐரோப்பாவின் மெல்லிசுத் தகட்டை அமெரிக்கா அளவுக்கு வெட்டி, அமெரிக்கா டையில், அதாவது தகட்டை மடிக்கிற அச்சில், வைத்து அடித்துவிட்டார்கள். நாற்பத்தோரு பீஸ் வந்த பிறகுதான் கிளியம்மாளின் கைக்கு எடை இடித்தது. வாலாஜாபாத் சந்தையில் பத்து வருஷம் காய்கறி விற்ற கை அது. தராசு இல்லாமலே ஏமாறாது.

நாற்பத்தோரு தகடு வீண் என்று தெரிந்தால் சுப்பராயன் குதியோ குதி என்று குதித்திருப்பார். அன்றைக்குக் கிளியம்மாள்தான் வழி சொன்னாள். "மெர்சிம்மா, கீரை விக்கிறவகூட கொசுறா ரெண்டு கொத்தமல்லி வெச்சுத் தர்றா. நம்ம பெட்டி கடலு தாண்டிப் போவுது. ஐம்பதுன்னு மொட்டையா எண்ணி அனுப்புறது நல்லாவா கீது? பெட்டிக்கு ஒண்ணா கொசுறு போட்டுட்றேன். குப்பைக்குப் போறதுக்கு, வாங்கறவன் எதுக்காவது வெச்சுக்கட்டுமே."

மெர்சி யோசித்தாள். யோசிக்கும் முன்பே, பழக்க தோஷத்தில், அந்தப் பீஸில் ஒன்றைக் குண்டனிடம் கொடுத்து முட்ட வைத்திருந்தாள். அது அந்த முட்டு வாங்கியும் அசையாமல் நின்றதுதான் அவளுக்கு ஆச்சரியம். எழுதியும் வைத்தாள். சரி, கெட்டுப்போன சாமானை ஒன்றும் அனுப்பவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாள். ஐரோப்பாவுக்குப் போன நாற்பது பெட்டியில், பெட்டிக்கு ஒன்று, கொசுறும் கப்பலேறியது.

இப்போது அந்தக் கொசுறுதான் பதினொரு பேரின் வேலையைத் தின்றுவிட்டது என்று லைன் முழுக்கப் பேச்சு. கலந்த பீஸைப் பார்த்து மிரண்டுதான் அமெரிக்காக்காரன் வேண்டாம் என்றுவிட்டானாம். கிளியம்மாளிடம் யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் அவள் தூக்குவாளியைத் திறக்காமலே மெர்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒருத்தி போய்ட்றேன். மத்ததுங்கள வுட்டுடச் சொல்லு. நம்ம லைன்ல கீற பாப்பம்மா இப்பதான் வூட்டுக்கு ஓடு மாத்தினு கீது. என்னால அது நிக்கக் கூடாது."

"நீங்க மட்டுமாக்கா போட்டீங்க? நான்தான தலைய ஆட்டினேன்," என்றாள் மெர்சி. பிள்ளைப்பாக்கத்தில் அவள் வீட்டில் சம்பளம் கொண்டுவருவதும் அவள் ஒருத்திதான். ஆனாலும் அன்றைக்கு அவள் மனசைக் குடைந்தது சம்பளம் இல்லை. பதினாலாயிரம் பீஸுக்கு மேல் செக் பண்ணியிருக்கிறாள். அமெரிக்கா தள்ளிவிட்டது தன் கை பார்த்த பீஸையா என்று தெரிந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை இன்ஜினியர் வந்தார். பேர் யான்சன். ஆள் நெட்டை, வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. மரியாதைக்கு வாங்கி வைத்த இளநீரைத் தொடாமல், பையிலிருந்து கொசுறு பீஸ் ஒன்றை எடுத்து மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

"இது எந்த டிராயிங்கிலும் இல்லை," என்றார் இங்கிலீஷில். "நாற்பது பெட்டியில் நாற்பது. எங்கள் ஆள் ஒருவர் கவனிக்காமல் ஒன்றைக் காரில் மாட்டிவிட்டார். லைன் இருபது நிமிஷம் நின்றது. இது என்ன?"

சுப்பராயன் வியர்த்தார். மெர்சி மிஷன் ஸ்கூலில் பிளஸ் டூ படித்தவள். இங்கிலீஷ் பேசுவதற்குக் கூச்சம் உண்டு, பயம் கிடையாது. முன்னால் வந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தகடு மாறியது, டை மாறியது, எல்லாம் புரிந்தது அவருக்கு. கொசுறுதான் புரியவில்லை.

"பணம் கேட்காமல் ஏன் ஒரு பீஸ் அதிகமாக வைத்தீர்கள்? இது ஏதாவது லஞ்சமா?"

"இல்லை சார். வாங்குபவர் மனசு நிறைவதற்கு," என்றாள் மெர்சி. மனுஷன் அதை நோட்டில் எழுதப் போய், எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார்.

இதுதான் சமயம் என்று அவள் கேட்டுவிட்டாள். "சார், அமெரிக்கா ஆர்டர் போனது இதனாலா? எங்க பீஸ் சரியில்லையா?"

சுப்பராயன் கண்ணால் தடுத்தார். வாசலில் கிளியம்மாள், கையில் சுருட்டிய முந்தானையோடு நின்றாள். யான்சன் மெர்சியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடுகடுப்பாக வந்தவர் அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உங்கள் பீஸா?" என்றார். "சாம்பிளுக்கு நீங்கள் அனுப்பிய பீஸ் ஒன்றுதான் அங்கே பாஸ் ஆனது."

பிறகு விலாவாரியாகச் சொன்னார். அங்கே விளக்குக்குத் தனிச் சட்டம், ஐரோப்பா விளக்கு செல்லாது. புகைக்குத் தனிப் பரிசோதனை, ஐரோப்பாவில் வாங்கிய சர்டிபிகேட்டை அங்கே சீந்த மாட்டார்கள். சீட் பெல்ட் தானாக வந்து ஆளைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப்பை வைக்க வேண்டும். அதை நிரூபிக்கப் புதுக் காராகப் பார்த்துச் சுவரில் மோதி உடைக்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தால், வருஷத்துக்கு இரண்டாயிரம் கார் விற்றால் அதிகம். பெட்ரோல் அங்கே மலிவு. வேகம் வேண்டும் என்கிறவன் அதே விலைக்குப் பெரிய இன்ஜின் போட்ட பெரிய காராக வாங்கிப் போகிறான். சின்னக் கார் என்றால் ஏழைக் கார் என்று அங்கே நினைப்பு.

"கார்மேலும் குற்றமில்லை, அமெரிக்காமேலும் குற்றமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை. எங்கள் கார் மட்டுமில்லை, இந்த மாதிரி வேகமான சின்னக் கார் பலதும் இப்படித்தான் கடற்கரையிலேயே நின்றுவிடுகிறது."

மெர்சி திரும்பி, கிளியம்மாளுக்கு அதைத் தமிழில் சொன்னாள். கிளியம்மாள் முழுசாகக் கேட்டாள். முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். "அப்ப என்னால இல்ல," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு நாளாகக் குனிந்தே இருந்த முதுகு நிமிர்ந்ததை மெர்சி பார்த்தாள். அவளுக்கும் தைரியம் வந்தது அப்போதுதான்.

பழி போய்விட்டது. ஆனால் லைனை மூடத்தான் போகிறார்கள். விட்டால் இந்த மனுஷன் சாயங்காலம் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிவிடுவார்.

"சார், ஒரு பத்து நிமிஷம். இந்தப் பீஸை முட்டிக் காட்டட்டுமா?"

குண்டனைப் பார்த்ததும் யான்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரம்மையும் சங்கிலியையும் சுற்றி வந்தார். மெர்சி சிரிக்கவில்லை. முதலில் ஐரோப்பா பீஸை மாட்டினாள். குண்டனை இழுத்துக் கோட்டில் நிறுத்தி விட்டாள். முட்டிய முட்டில் பீஸ் மடங்கித் தொங்கியது. அடுத்து அமெரிக்கா பீஸ். குண்டன் முட்டித் திரும்பி வந்தான், பீஸ் அப்படியே நின்றது. மூன்றாவதாக, அவர் கையிலிருந்த கொசுறையே வாங்கி மாட்டினாள்.

பதினொரு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சுப்பராயன்கூட அதட்டவில்லை. குண்டன் போய் முட்டினான். ஷெட்டே அதிர்ந்தது. சங்கிலி ஆடி அடங்கியதும் மெர்சி அளவுகோலை வைத்தாள். அரை மில்லிமீட்டர். அமெரிக்கா பீஸ் வளைந்ததும் அதே அரை மில்லிதான்.

"இன்னொரு முறை," என்றார் யான்சன். சிரிப்பு போயிருந்தது. இன்னொரு முறை முட்டினார்கள். பிறகு குண்டனைத் தானே இழுத்து விட்டார், கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாலு தரம் முட்டினார். கடைசியில் எடை கேட்டார்.

தராசு கொண்டுவர ஒருத்தி ஓடினாள். கிளியம்மாள் அதற்குள் ஒரு கையில் ஐரோப்பா பீஸும் மறுகையில் கொசுறுமாக ஏந்திப் பார்த்துவிட்டாள். "ஒரு பிடி வெண்டைக்கா கூட. அம்மாந்தான்," என்றாள். தராசு எண்பது கிராம் கூட என்றது. அமெரிக்கா பீஸோ முக்கால் கிலோ கூட.

"கனத்தில இல்லை சார் பலம், அந்த ரெண்டாவது மடிப்பில இருக்குது," என்றாள் மெர்சி. "டை எங்ககிட்ட இருக்குது. அடிக்கிற ஆள் இருக்குது. ஓட்டை அளவெல்லாம் உங்க காருக்கு அப்படியே பொருந்தும். அதனாலதான் உங்க ஆள் தெரியாம மாட்டினார்."

யான்சன் ஆகஸ்டில் அவள் எழுதிய பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகுதான் தங்கள் வீட்டுக் குட்டை உடைத்தார். அவர்கள் ஊரில் கார் நிறுத்த இடம் கிடையாது, முன்னும் பின்னும் முட்டித்தான் நிறுத்துவார்கள். முட்டினால் பிராக்கெட் வளைந்து விளக்குக் கோணிக்கொள்கிறது என்று இரண்டு வருஷமாகப் புகார். அமெரிக்கா பீஸைப் போடலாம் என்றால் மூக்கு கனத்துக் காரின் ஓட்டமே கெட்டுப்போகும். அங்கே ஆறு பேர் உட்கார்ந்து இதற்கு வழி தேடுகிறார்களாம்.

"என் மேஜைமேல் மூன்று வாரமாக விடை இருந்திருக்கிறது. நான் அதை வைத்துத் தாளைப் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்," என்றார். அப்புறம் இளநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். கொசுறு பீஸை மட்டும் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒன்றும் உறுதி சொல்லாமல் கிளம்பினார்.

மாசக் கடைசி வந்தது. சுப்பராயன் லைனை மூடவும் இல்லை, மூடவில்லை என்று சொல்லவும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பிறந்தது. அமெரிக்கா லைன் பெண்கள் பழைய டையைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டே, ரோட்டில் அம்பாசடர் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைத் தீட்டினார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் அது வந்தது. இந்த முறையும் முதலாளி கார்க் கதவைச் சாத்தவில்லை. கையில் பெரிய டிராயிங் சுருள். ஐரோப்பாவில் ஓடுகிற அந்த வேகமான கார் அத்தனைக்கும் இனி கொசுறு பீஸ்தான். அமெரிக்காவுக்கு விற்க நினைத்ததைப்போல் பத்து மடங்கு கார். பதினொரு பேரும் போதாது, இன்னும் எட்டுப் பேர் வேண்டும் என்றார் சுப்பராயன். சொல்லிவிட்டுத் தானே இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பாப்பம்மாள் வாய்விட்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, எல்லோருக்கும் அதே நிலைமைதான்.

மெர்சி டிராயிங்கை மேஜையில் விரித்து, செக்கிங்காரி புத்தியோடு மூலை மூலையாகப் படித்தாள். தகடு, மடிப்பு, ஓட்டை, பெயிண்ட். எல்லாவற்றுக்கும் கீழே பேக்கிங் வரி. அதைப் படித்தவள் இன்னொரு முறை படித்தாள். அப்புறம் அவளுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா போட்டுகீது?" என்றாள் கிளியம்மாள்.

"பெட்டிக்கு ஐம்பது பீஸ். அதுக்கு மேல ஒண்ணு, அவங்க முட்டிப் பாக்கறதுக்கு. மொத்தம் ஐம்பத்தொண்ணு. யான்சன் கையெழுத்துப் போட்டிருக்கார்க்கா."

கிளியம்மாள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"மொதல்லியே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றாள். பிறகு, 'அமெரிக்கா லைன்' என்று எழுதின போர்டைக் கழற்ற வந்த ஆளைப் பார்த்து, "அது அங்கியே இருக்கட்டும், வராதவன் பேரு நமக்கு ராசி," என்று சொல்லிவிட்டு, முதல் பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.