சாமில் ரோட்டு வேகம்

ஹார்லன் வெடர் இறந்தது ஓர் அக்டோபர் மாதப் பிற்பகலில். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த தபால் பெட்டியைத் திறந்து, வந்திருந்ததை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். மோதியது கார்வின் ஸ்டானர்டின் பிக்கப் வண்டி. கார்வினும் எங்கள் ஊர்க்காரன்தான். வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுது பார்ப்பவன், முப்பது வயதைத் தாண்டியவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அன்று அவன் குடித்திருக்கவில்லை, போனைப் பார்க்கவும் இல்லை. மேடு ஏறி இறங்கும் இடத்தில் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான்.

விசாரித்தவர் ஷெரீஃப் அலுவலகத்துத் துணை அதிகாரி டல்லி. சக்கரத் தடத்தை அளந்து, வண்டிக்குள் பதிவாகியிருந்த வேகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ஹார்லனின் மனைவி லோர்னாவிடம் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கார்வின் மேல் வழக்குப் போட ஒன்றும் இல்லை என்றார். சாலையோரப் பலகையில் போட்டிருந்த வேக வரம்பு மணிக்கு நாற்பத்தைந்து மைல். அவனும் நாற்பத்தைந்தில்தான் வந்திருக்கிறான்.

"அப்ப தப்பு அவன் மேல இல்ல," என்றாள் லோர்னா.

"இல்லம்மா."

"அந்த போர்டு மேலதான்."

டல்லி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். மறுபடி ஒரு முறை வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

லோர்னா வீட்டு முன்னறையிலேயே முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். ஒரே நாற்காலி. எங்கள் ஊரில் பாதித் தலைகள் அவள் கத்தரி பட்டவை, என் தலையும் சேர்த்து. வெட்டும்போது பேசமாட்டாள், பேசுவதெல்லாம் உட்கார்ந்திருப்பவர்தான். ஹார்லன் போன பிறகு அது தலைகீழாகிவிட்டது. அவள் பேசினாள், நாங்கள் கழுத்தில் துணியோடு கேட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு எல்லாம் ஒன்றைப் பற்றித்தான். அவள் வீட்டு முன்னால் ஓடும் சாமில் ரோட்டில் முப்பதுக்கு மேல் யாரும் போகக்கூடாது.

முதலில் அவள் போனது எங்கள் ஊர்த் தலைவர் எம்மெட் டிரெலிடம். எம்மெட் இருபது வருஷமாகத் தலைவர். அவரை எதிர்த்து நிற்க யாரும் மெனக்கெட்டதில்லை. அவர் சொன்னது அவளுக்குச் சாக்குப்போக்காகத்தான் பட்டது. சாமில் ரோடு ஊரின் சொத்து. அதில் பனி தள்ளுவது நாங்கள், குழி அடைப்பது நாங்கள், மழையில் கரை சரிந்தால் கல் கொட்டுவது நாங்கள். வேகப் பலகையும் அதைத் தாங்கும் கம்பமும் எங்கள் செலவு. ஆனால் பலகையில் இருக்கும் எண் மாநிலத்துடையது. எங்கள் அளவிலான ஊருக்கு அதை மாற்ற அதிகாரம் கிடையாது. கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம்.

லோர்னா நம்பவில்லை. அடுத்த தேர்தலில் ஊர் மன்றத்துக்கு நின்றாள். வீட்டுக்கு வீடு போனாள். வாக்குறுதி என்று கொடுத்தது ஒரே ஒரு எண்தான். எங்கள் எல்லோரையும்விட அதிக வாக்கு வாங்கினாள். எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. நான் இரும்புக் கடைக்காரன். மன்றத்தில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து செய்ததெல்லாம் சாலைப் பனியை உருக்கக் கொட்டும் உப்பின் விலையைப் பற்றி முனகியதுதான்.

முதல் கூட்டத்திலேயே அவள் தீர்மானத்தைக் கொண்டுவந்தாள். ஊர் வழக்கறிஞர் சட்டத்தைப் படித்துக் காட்டினார். எம்மெட் முன்பு சொன்னதேதான், ஒரு சொல் கூட மாறவில்லை. லோர்னா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கா என்னத் தேர்ந்தெடுத்தாங்க?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். பிறகு, சரி, மாநிலத்திடம் கேட்போம் என்றாள். ஒருவர் விடாமல் கை தூக்கினோம்.

கேட்பதற்கு முன் பொதுக் கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்றார் எம்மெட். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கொட்டகையில் நாற்காலி போட்டோம். பெண்கள் ஆப்பிள் பை பலகாரம் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். கூட்டம் நன்றாகவே இருந்தது. போதகர் பேசினார், பள்ளித் தலைமையாசிரியர் பேசினார், எல்லோரும் முப்பது வேண்டும் என்றார்கள். முடியப்போகும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து கார்வின் எழுந்தான்.

அவனை யாரும் அழைத்திருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அவன் ஆட்கள் கூடும் இடத்துக்கு வந்ததே இல்லை. மைக்கை நோக்கி வராமல் நின்ற இடத்திலேயே பேசினான்.

"நான் அன்னிக்கு நாப்பத்தஞ்சுலதான் வந்தேன். போர்டுல என்ன போட்டிருந்துச்சோ அதே. உன் மேல தப்பில்ல, வீட்டுக்குப் போன்னு சொன்னாங்க. போனேன். ஒரு மனுசனக் கொன்னுட்டு, தப்பில்லன்னு கேட்டுட்டு, வீட்டுக்குப் போய் சாப்பிட உக்காரலாம். அந்த போர்டு அதுக்கு எடம் குடுக்குது. அத எடுத்துடுங்க."

உட்கார்ந்துவிட்டான். அன்று அங்கே பேசப்பட்டதில் உருப்படியானது அதுதான் என்று நான் நினைத்தேன். லோர்னா அவன் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலிகளை மடிக்கும்போது என்னிடம், "அவன் எனக்காகப் பேச வேணாம். அவன் வாயிலேர்ந்து எனக்கு ஒண்ணும் வேணாம்," என்றாள்.

விண்ணப்பம் போய், குளிர்காலம் முழுவதும் பதில் இல்லை. பனி உருகிய பிறகு மாநிலச் சாலைத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தாள். பெர்ஜ் என்று பெயர், இளவயது, மரியாதையான பெண். சாலைக்குக் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களை ஆணியடித்து, ஓரத்து மரத்தில் ஒரு பெட்டியைப் பூட்டினாள். வண்டி ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் வேகம் அதில் பதிவாகும். ஒரு வாரம் இருக்கும் என்றாள்.

அந்த வாரம் லோர்னா கெஞ்சாத ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் கெஞ்சினாள், போனில் கெஞ்சினாள், மளிகைக் கடை வாசலில் நின்று கெஞ்சினாள். ஒரே ஒரு வாரம் மெதுவாக ஓட்டுங்கள், குழாயில் பதியட்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். உனக்கில்லாமலா என்றார்கள். சாமில் ரோடு எங்கும் போகிற சாலை இல்லை. நாலு மைல் ஓடி, பழைய மரம் அறுக்கும் மில் இருந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அதில் வெளியூர் வண்டி வருவது அபூர்வம். போகிறவர்களும் வருகிறவர்களும் அந்தச் சாலையில் வீடு உள்ளவர்கள், அவர்களைப் பார்க்கப் போகிற எங்களைப் போன்றவர்கள்.

முடிவைச் சொல்ல பெர்ஜே நேரில் வந்தாள். கடிதம் போட்டிருக்கலாம், நேரில் சொல்வதுதான் முறை என்று நினைத்திருக்கிறாள். மன்றத்தில் ஐந்து பேரும் இருந்தோம். நூறு வண்டிகளில் எண்பத்தைந்து எந்த வேகத்துக்குள் போகிறதோ, அதுதான் அந்தச் சாலைக்குப் பொருத்தமான வேகம் என்று எடுத்துக்கொள்வோம் என்று விளக்கினாள். பெரும்பாலான ஓட்டுநர்கள் பொறுப்பானவர்கள், சாலையைப் பார்த்துச் சரியான வேகத்தைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள் என்பது அதன் அடிப்படை. சாமில் ரோட்டில் அந்த வேகம் ஐம்பத்திரண்டு. ஆகவே வரம்பைக் குறைக்கக் காரணம் இல்லை. இப்போதுள்ள நாற்பத்தைந்தும் குறைவுதான்.

"குறைவுன்னா?" என்று கேட்டாள் லோர்னா.

"அம்பதா உயர்த்தணும், மேடம்."

எம்மெட் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்கினாரா, வேறெதையாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"என் புருஷன் அங்க செத்தாரு," என்றாள் லோர்னா.

"தெரியும், மேடம். ஃபைல்ல இருக்கு. ஒரு விபத்துதான் பதிவாயிருக்கு. அதுல வேகம் காரணம்னு போலீஸ் எழுதல." பெர்ஜ் காகிதங்களை அடுக்கினாள். பிறகு, அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னாள்: "இது நாங்க கண்டுபிடிச்ச வேகம் இல்ல. உங்க ஊர்க்காரங்க ஓட்டின வேகம்."

எங்களில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

மே மாதம் புதிய பலகை நட்டோம். பலகை எங்கள் காசு, குழி தோண்டியது எங்கள் ஆள். பழைய கம்பம் நின்ற அதே இடம், லோர்னா கடை ஜன்னலுக்கு எதிரே. அன்று அவள் திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு முடி வெட்டினாள் என்று என் மனைவி வந்து சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஐம்பது என்றால் ஐம்பதையாவது பிடியுங்கள் என்று ஷெரீஃப் அலுவலகத்தை நச்சரித்தாள். எங்கள் ஊருக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. டல்லி முதலில் ஆளில்லை என்றார், பிறகு வண்டியில்லை என்றார், கடைசியில் ஜூன் மாதம் சில காலைகளில் மரமறைவில் காரை நிறுத்தி ரேடாரோடு உட்கார்ந்தார். மாட்டியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? போதகரின் மனைவி. தலைமையாசிரியர். தீயணைப்புப் படைத் தலைவர், அதுவும் லோர்னாவிடம் முடி வெட்டிக்கொள்ள வரும் வழியில்.

அதற்குப் பிறகு அவள் நாற்காலி காலியானது. பெண்கள் பக்கத்து ஊருக்குப் போகத் தொடங்கினார்கள். ஆண்கள் முடி வளர்த்தார்கள். நான் விடாமல் போனேன். ஒரு சனிக்கிழமை நான் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தபோது எம்மெட் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"லோர்னா, டல்லிய வர வேணாம்னு சொல்லிடு."

"நான் சொன்னா போறதுக்கு அவர் என்ன என் வேலைக்காரனா?"

"நீதானே வரச் சொன்ன."

"அம்பதுக்கு மேல போறவங்களப் பிடிக்கச் சொன்னேன். அந்த அம்பதே இவங்க ஓட்டி ஓட்டி வாங்கினது. அதுவும் பத்தலையா?"

"இங்க எல்லாரும் உன் பக்கம்தான். அபராதம்னா யாருக்கும் எரிச்சல் வரும், அவ்ளோதான்."

"என் பக்கம்தான். அதான் தினம் என் வீட்டு வழியா இவ்ளோ வேகமா போறாங்க."

எம்மெட் என்னைப் பார்த்தார். என் தலை பாதி வெட்டிய நிலையில் இருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன். அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அபராதச் சீட்டுகள் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் வந்தன. நீதிமன்றம் என்றால் மன்றம் கூடுகிற அதே அறை, அதே மேஜை. நீதிபதி ஃப்லாய்ட் கார்னர், பகலில் மாட்டுத் தீவனம் விற்பவர், ஹார்லனின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் நடப்பதையே அவரும் செய்தார். வேகமாக ஓட்டியதை வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதாக மாற்றி எழுதினார். அப்படி எழுதினால் உரிமத்தில் கறை விழாது, காப்பீட்டுக் கட்டணம் ஏறாது. போதகரின் மனைவி வண்டியைத் தப்பாக நிறுத்தினாள். தலைமையாசிரியர் தப்பாக நிறுத்தினார். ஒருவர் விடாமல் எல்லோரும் சாமில் ரோட்டில் வண்டியை நிறுத்தியவர்களாகிவிட்டார்கள்.

அது தெரிந்த மறுநாள் லோர்னா தன் பழைய சுபாரு காரை எடுத்தாள். பள்ளியும் வேலையும் தொடங்கும் நேரத்தில் மில் முனையிலிருந்து ஊர் வரைக்கும் இருபத்தைந்தில் ஓட்டினாள். திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள். மேடு பள்ளமும் வளைவும் நிறைந்த சாலை அது, முந்திப்போக வழியில்லை. பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. முதல் நாள் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு ஹாரன் அடித்தார்கள், ஜன்னலை இறக்கிக் கத்தினார்கள், ஒருவன் காப்பிக் கோப்பையை எறிந்தான். அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி ஓட்டினாள். வரிசையில் நானும் ஒரு நாள் நின்றேன். எனக்கு முன்னால் ஆறேழு வண்டி தள்ளி கார்வினின் பிக்கப் இருந்தது. அவன் ஹாரன் அடிக்கவில்லை.

ஷெரீஃப் அலுவலகத்துக்குப் புகார் குவிந்தது. டல்லி வந்து அவளை ஓரம் கட்டினார். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக மெதுவாக ஓட்டியது குற்றம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவளை நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.

விசாரணையன்று அறை நிறைந்துவிட்டது. ஃப்லாய்டுக்கு வியர்த்தது.

"லோர்னா, நீயும் வண்டியத் தப்பா நிறுத்தினேன்னு ஒத்துக்க. இதோட முடிச்சுடலாம்."

"நான் எங்கயும் நிறுத்தல, ஃப்லாய்ட்."

"எல்லாருக்கும் செஞ்சதத்தான் உனக்கும் செய்யறேன்."

"மத்தவங்களுக்கு நீ பொய் எழுதின. எனக்கு நடந்தத எழுது. சாமில் ரோட்ல மெதுவா ஓட்டினேன். குற்றம்."

அவர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார். சாமில் ரோட்டில் வேகம் தொடர்பாக இந்த ஊர் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்த ஒரே ஆள் லோர்னா வெடர். அன்றே மன்றப் பதவியை விட்டுவிட்டாள். அதை ஏற்றுக்கொள்ள நாங்கள் கை தூக்கினோம். என் கையும் உயர்ந்தது.

வெளியே சரளைக்கல் போட்ட இடத்தில் அவள் காருக்குப் பக்கத்தில் கார்வின் நின்றான். நான் சாவியைத் தேடிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, "மிஸஸ் வெடர், நான் இப்ப முப்பதுக்கு மேல ஓட்டறதே இல்ல. எந்த ரோட்லயும்," என்றான்.

லோர்னா முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

"இப்ப ஓட்டி என்னப்பா?" என்றாள். காரில் ஏறினாள்.

இலையுதிர்காலத்தில் வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வாங்கியவர்கள் முன்னறையைத் தொலைக்காட்சி அறையாக்கிவிட்டார்கள். வரம்பு ஐம்பதாகவே இருக்கிறது. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன்; அடுத்த முறை அறுபது ஆக்கிவிடப் போகிறார்கள் என்றார் எம்மெட். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குமேல் பேச்சு எழவில்லை.

கார்வின் சொன்னபடியே ஓட்டுகிறான். காலையில் என் கடைக்குச் சாமில் ரோட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் தாமதமாக வந்தால் நான் காரணம் கேட்பதில்லை. முன்னால் ஸ்டானர்ட் போய்க்கொண்டிருந்தான் என்று அவர்களே சலித்துக்கொள்கிறார்கள்.