விட்டுப்போன இரண்டு பக்கங்கள்

நூலக வாசிப்பாளர்களுக்கான பாராட்டு விழாவுக்கு நான் போனது பாராட்டு வாங்க இல்லை. ஒலிப்பதிவு அறையின் சாவியையும் ரொம்ப நாளாக என்னிடமே தங்கிவிட்ட புத்தகத்தையும் கொடுத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் நழுவிவிடலாம் என்றுதான் போனேன்.

நான் தையல்காரி. வீட்டில் மெஷின் சத்தம், பிள்ளைகள் சத்தம், மாமியாரின் டிவி சத்தம். வியாழக்கிழமை மதியம் மட்டும் இரண்டு மணி நேரம், நூலகத்து மாடியில் சுவரெல்லாம் கம்பளி அடித்த குட்டி அறையில் உட்கார்ந்து, பார்வை இல்லாதவர்களுக்காகக் கதை வாசித்துப் பதிவு செய்வேன். ஆறு வருஷமாகச் சும்மாதான். பெயர்கூடச் சொல்ல மாட்டோம். "வாசிப்பது பதினேழு" என்று எண்ணைச் சொல்லித் தொடங்க வேண்டும். கதவைச் சாத்தியதும் குளத்துக்குள் முங்கின மாதிரி காது அடைத்துக்கொள்ளும். பிறகு என் குரல் மட்டும் எங்கேயோ மிதந்து போகும், நான் அதன் பின்னாலேயே போவேன். வாரத்தில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

அங்கேதான் என் மானம் போனது. போன வருஷம் சீருடை ஆர்டர் குவிந்து கிடந்த ஒரு வாரம், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் படியேறிக்கொண்டே இருந்தாள், கடல் சின்னதாகிக்கொண்டே போனது, என் கண் சொருகிவிட்டது. முழித்ததும் விரல் இருந்த பக்கத்திலிருந்து தொடர்ந்தேன். தூங்கியதே எனக்குத் தெரியாது. யாரும் சரிபார்க்காமல் பதிவு அப்படியே வெளியே போய்விட்டது. போன வாரம்தான் நூலகர் அம்மா போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "நாலு நிமிஷம் நல்லா தூங்கியிருக்கீங்க. லேசா குறட்டையும் கேக்குது."

"தூங்கறதுக்கு நம்ம வீட்டுல இடமில்லையா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அரங்கில் கேடயங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார் நூலகர். சாவியை மேஜைமேல் வைத்தேன். "இனிமே நான் வரலைங்க."

"கொஞ்சம் உக்காருங்க. விழா முடியட்டும், பேசலாம்."

கூடம் நிறைய எங்கள் பதிவுகளைக் கேட்பவர்கள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் வெள்ளைக்கோலோடு ஒரு பெண் இருந்தாள். தள்ளி உட்காரட்டுமா என்று அவளிடம் கேட்டேன், அவ்வளவுதான்.

"பதினேழாம் நம்பர் அக்காவா நீங்க?"

எனக்கு வேர்த்துவிட்டது. "அந்தத் தூக்கத்த வெட்டச் சொல்லிடறேம்மா. மன்னிச்சிடு."

"வெட்டிடாதீங்கக்கா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுல ஒரே ரூம்ல ஏழு பேர் படுப்போம். ஆஸ்பத்திரில டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைச்சு இங்க வந்தேன். தனி ரூம். பக்கத்துல மூச்சு விட ஒரு ஆள் இல்லாம தூக்கமே வரல. எட்டு மாசமா உங்க நாலு நிமிஷத்தத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டுதான் தூங்கறேன்."

ஆறு வருஷம் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வாசித்தவள் நான். தூங்கினதற்கு நன்றி சொல்கிறாள் இந்தப் பெண். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அழுதேன்.

"ஒண்ணு கேக்கணும்கா. அவ படியில ஏறிக்கிட்டிருந்தா. நீங்க முழிச்சதும் பாத்தா கீழ படகுல இருக்கா. நடுவுல என்னாச்சு?"

எனக்கும் தெரியாது. தூக்கத்தில் விரல் நழுவி விட்டுப்போன அந்த இரண்டு பக்கத்தை நானும் படித்ததில்லை. திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த அந்தக் கதைப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தேன்.

மேடையில் ஒலிபெருக்கி கரகரத்தது. "பதினேழாம் எண் வாசிப்பாளர், மேடைக்கு வரவும்."

"உங்களத்தான் கூப்பிடறாங்க."

"கூப்பிடட்டும். நீ கேளு."

"தொண்ணூறாவது படியில் அவள் நின்றாள்," என்று மெல்லத் தொடங்கினேன். என் குரல் அந்தக் கூடத்தில் எனக்கே புதிதாகக் கேட்டது. எங்களுக்கு முன் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் பக்கத்தில் இருந்தவரும் கேட்டார். மேடையில் நூலகர் கேடயத்தை ஏந்தியபடி இன்னொரு முறை என் எண்ணைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு நாற்காலியாக, வெள்ளைக்கோல்கள் தரையில் உரச, மேடைக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.